லாக்டவுன்ல பழைய மிதி மெஷினோட மல்லுக்கட்டுனது

முதல்லயே சொல்லிடறேன், இது மிதி மெஷின், மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. கால்ல மிதிச்சா கீழ இருக்கற பெரிய சக்கரம் சுத்தும், அதுல இருந்து ஒரு தோல் பெல்ட் மேல போய் மெஷின் தலைய ஓட்டும், அவ்ளோதான் விஷயம். பாட்டி தைச்சது, அப்புறம் அம்மா தைச்சது, எங்க வீட்டுக்கு வந்தப்புறம் அதுல யாரும் தைக்கல, மேல ஒரு துணிய விரிச்சு இஸ்திரி போட வேண்டிய சட்டைங்கள குவிச்சு வச்சுக்கிட்டோம். 2020 மார்ச் 11 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு அறிவிச்சப்ப கூட அது சட்டை ஸ்டாண்டாதான் இருந்துச்சு.

அப்புறம் கொஞ்ச நாள்ல மாஸ்க் கிடைக்கல. கிடைக்கறதையும் ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களுக்கு விட்டு வைங்க, வீட்ல இருக்கறவங்க துணியில தைச்சுக்கோங்கன்னு பேச்சு வந்துச்சு. கையில தைச்சு பாத்தேன், ஒரு மாஸ்க் முடியறதுக்குள்ள கழுத்து வலி வந்துருது, அதுவும் மடிப்பு வர்ற இடத்துல ஊசி உள்ள போகவே மாட்டேங்குது. அப்பதான் சட்டைங்கள எல்லாம் கட்டில் மேல தூக்கி போட்டுட்டு மெஷின் மூடிய திறந்தேன்.

கை சக்கரம் அசையவே இல்ல. துரு பிடிச்சு இறுகிருச்சோன்னு பயமா இருந்துச்சு, டார்ச் அடிச்சு பாத்தா துரு பெருசா இல்ல, எண்ணெய் ஊத்தற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் பழுப்பு நிறத்துல பசை மாதிரி ஒண்ணு கெட்டியா உக்காந்திருக்கு. யாரோ ஒரு காலத்துல மெஷின் ஆயில் இல்லாதப்ப சமையல் எண்ணெய விட்ருக்காங்க. சமையல் எண்ணெய் காத்து பட பட ஆக்சிஜனோட சேந்து கெட்டியாகி பிசினா மாறிரும், மெஷினுக்குன்னு வர்ற ஆயில் லேசான மினரல் ஆயில், அது அப்டி ஆகாது. வீட்ல மிச்சம் கிடந்த மண்ணெண்ணெய்ய ஒவ்வொரு ஓட்டைலயும் சொட்டு சொட்டா விட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டேன். ஜன்னல திறந்து வச்சுட்டுதான், அந்த வாசம் வேற, பக்கத்துல நெருப்பு எதுவும் இருக்க கூடாதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

மறுநாள் காலைல சக்கரம் ஒரு நூல் அளவு அசைஞ்சுச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் ஓவர்தான், ஆனா அந்த நாட்கள நெனச்சு பாருங்க, எழுந்ததும் போன எடுத்து நம்பர் பாக்கறது, நேத்து எவ்ளோ இன்னைக்கு எவ்ளோ, கிராஃப் மேல போகுதா வளையுதா, நாம எதையும் பண்ணி அதுல ஒரு புள்ளிய கூட நகத்த முடியாது. வீட்டுக்குள்ளயே இருக்கறதுதான் நம்ம பங்குன்னு சொன்னாங்க, சரிதான், ஆனா சும்மா இருக்கறதே வேலைன்னா மனசு அத வேலையா ஏத்துக்க மாட்டேங்குது. இங்க மண்ணெண்ணெய் விட்டேன், சக்கரம் அசைஞ்சுச்சு. காரணம் ஒண்ணு, விளைவு ஒண்ணு, ரெண்டும் கண்ணு முன்னாடி.

முன்னாடி பின்னாடி லேசா ஆட்டி ஆட்டி, பழைய பசைய துணில தொடச்சு எடுத்து, மறுபடி மண்ணெண்ணெய் விட்டு, கடைசில ஈரம் போக தொடச்சுட்டு மெஷின் ஆயில் ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு சொட்டு விட்டேன். மண்ணெண்ணெய் பசைய கரைக்கத்தான், அது உராய்வ தாங்காது, அதோட அப்டியே ஓட்டினா உலோகம் தேயும். பெல்ட்லயும், மேல் நூல இறுக்கி பிடிக்கற டென்ஷன் தட்டுலயும் மட்டும் எண்ணெய் பட கூடாது, பெல்ட் வழுக்கும், நூல் கறையாகும். நூல் கோக்காம கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விட்டா உள்ள மிச்சம் இருந்த கருப்பு எண்ணெய் எல்லாம் ஊசி கம்பி வழியா சொட்டும், அதுக்கு அடியில ஒரு பழைய துண்ட போட்டுக்கோங்க.

அடுத்தது பெல்ட். தோல் காய்ஞ்சு நீண்டு போச்சு, மிதிச்சா கீழ சக்கரம் சுத்துது மேல சக்கரம் சும்மா நிக்குது. புது பெல்ட் வாங்க எங்க போறது அப்ப. பெல்ட்டோட ரெண்டு முனையும் ஒரு சின்ன இரும்பு கொக்கில மாட்டி இருக்கும், கொக்கிய கழட்டி, ஒரு முனைல கொஞ்சமா வெட்டிட்டு, சூடான ஆணில புது ஓட்டை போட்டு திரும்ப கோத்தேன். வெட்டறப்ப கஞ்சத்தனமா வெட்டுங்க, ரொம்ப டைட்டா இருந்தா மிதிக்க கால் வலிக்கும், அப்புறம் வெட்டினத ஒட்டவும் முடியாது.

மிதிக்கறது தனி வித்தை. சக்கரத்தோட மேல் பக்கம் நம்மள பாத்து வர்ற மாதிரிதான் சுத்தணும். கால் தாளம் கொஞ்சம் பிசகினா சக்கரம் எதிர் பக்கம் சுத்த ஆரம்பிச்சுரும், நூல் உடனே அறுந்துரும். கையால சக்கரத்த நம்ம பக்கம் இழுத்து விட்டு, குதிகாலும் முன்கால் விரலும் மாத்தி மாத்தி அழுத்தணும், அவசரப்பட்டா போச்சு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டுனேன், அவங்க மெஷின பாக்கவே இல்ல, என் கால பாத்துட்டு சிரிச்சாங்க. "நூல எடுத்துட்டு வெறும் பேப்பர்ல ஓட்டி பழகுடா, கோடு போட்ட பேப்பர்ல கோட்டு மேலயே ஓட்டு"ன்னாங்க. பொண்ணோட பழைய நோட்டு புக்க எடுத்து ஓட்டுனேன், ஆன்லைன் கிளாஸ்ல இருந்த பொண்ணு எட்டி பாத்துட்டு "அப்பா அது என் கணக்கு நோட்டு"ன்னு கத்துச்சு, மைக் ஆன்ல இருந்துச்சு.

ஓட்டறப்ப டக் டக்னு ஒரு சத்தம். அம்மா "நீ பேசாத, அது பேசட்டும்"னு சொல்லிட்டு போன காதுல வச்சு கேட்டாங்க. ஊசி ஒவ்வொரு தடவ இறங்கறப்பயும் சத்தம் வந்தா கோளாறு ஷட்டில்ல, அதாவது ஊசிக்கு அடியில நூல கொக்கி போடற பாகத்துல, பல குத்துக்கு ஒரு தடவ வந்தா பெல்ட் கொக்கி சக்கரத்துல தட்டுது, இதுதான் கணக்கு. பெல்ட் ஒரு முழு சுத்து வர்றதுக்குள்ள ஊசி பல தடவ ஏறி இறங்கிரும் இல்லையா, யோசிச்சா ரொம்ப சிம்பிள். கொக்கியோட நீட்டிக்கிட்டு இருந்த முனைய கட்டிங் பிளேயர்ல உள்பக்கமா மடக்கினதும் சத்தம் நின்னுச்சு. அம்மாவ நேர்ல பாத்து பல மாசம் ஆச்சு அப்ப, என்ன சாப்ட்ட, ஜுரம் இருக்கா, வெளிய போகாதன்னு அதே மூணு கேள்விலயே கால் முடிஞ்சுட்டு இருந்துச்சு. மெஷின் வந்தப்புறம்தான் எங்களுக்கு பேச ஒரு விஷயம் கிடைச்சுது. நோய பத்தி பேசாம ஒரு மணி நேரம் பேசினோம்.

இனிதான் அசல் தலைவலி. தையல் மேல பாக்க நல்லா இருக்கு, துணிய திருப்பி பாத்தா அடியில நூல் வளையம் வளையமா சுருண்டு கூடு கட்டி கிடக்கு. அடியில கோளாறுன்னா அடி நூல்தானே தப்பு, அடி நூல் உருளைய வைக்கற பாபின் கேஸ்தானேன்னு தோணும், நிறைய பேர் அங்கதான் ஸ்க்ரூவ திருகி இருக்கறதையும் கெடுத்துக்குவாங்க. நெஜத்துல மேல் நூலுக்கு பிடிப்பு இல்லன்னாதான் அடியில வளையம் வரும். மேல் நூலும் அடி நூலும் துணிக்கு நடுவுல ஒண்ண ஒண்ணு கொக்கி போட்டு பூட்டிக்கணும், மேல் நூல் தளர்வா இருந்தா அடி நூல் அத கீழ இழுத்துரும். பாபின் கேஸ் சரியா இருக்கான்னு பாக்க நூல பிடிச்சு கேஸ தொங்க விடுங்க, தானா சரிஞ்சு இறங்க கூடாது, கைய ஒரு உதறு உதறினா கொஞ்சம் இறங்கி நிக்கணும். என்னோடது கரெக்டா நின்னுச்சு. அப்ப மேல் டென்ஷன்.

டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல பழைய நூல் துணுக்கும் பஞ்சும் இறுகி அடைச்சிருந்துச்சு, தட்டு ரெண்டும் முழுசா மூடவே இல்ல, அப்புறம் டென்ஷன் கூட்டற குமிழ எவ்ளோ திருகி என்ன. துணிய அமுக்கி பிடிக்கற பிரஷர் ஃபூட்ட தூக்கினா தட்டு விரியும், அந்த நேரத்துல ஒரு துணி துண்ட விட்டு இப்டி அப்டி இழுத்து சுத்தம் பண்ணேன். நூல் கோக்கறப்பயும் ஃபூட் தூக்கியே இருக்கணும், இல்லன்னா நூல் தட்டுக்கு வெளியவே உக்காந்துக்கும். ஊசியும் மாத்தினேன், பழசு முனை மழுங்கி துணிய குத்தாம இடிச்சுது, பல அடுக்கு பருத்திக்கு 16 நம்பர் ஊசி சரியா வந்துச்சு. ஊசில ஒரு பக்கம் நீளமா பள்ளம் இருக்கும், அந்த பக்கத்துல இருந்துதான் நூல் கோக்கணும்.

இதுல நான் வச்சுக்கிட்ட ஒரே ஒழுங்கு, ஒரு நேரத்துல ஒரு விஷயத்த மட்டும் மாத்தறது. ஊசி, டென்ஷன், பாபின் மூணையும் ஒரே நேரத்துல மாத்தி தையல் சரியாயிட்டா எதனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த தடவ கெட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒண்ண மாத்து, ஒரு துணுக்கு துணில ஓட்டு, திருப்பி பாரு, அந்த துணுக்கு மேல பேனால என்ன மாத்தினோம்னு எழுது.

இத பண்ணிட்டு இருந்தப்பதான் வெளிய எல்லாரும் "இவங்க தினம் ஒண்ணு சொல்றாங்க"ன்னு சுகாதார அமைப்புங்க மேல கோவப்பட்டுட்டு இருந்தாங்க. நியாயமான கோவம்தான். 2020 ஏப்ரல் ஆரம்பத்துல உலக சுகாதார நிறுவனம் நல்லா இருக்கறவங்க எல்லாரும் மாஸ்க் போடறதுக்கு ஆதாரம் போதாதுன்னு சொன்னது, ஜூன் 5 அன்னைக்கு பரவல் இருக்கற எடத்துல, தள்ளி நிக்க முடியாத இடத்துல துணி மாஸ்க் போடுங்கன்னு மாத்துச்சு. முதல்ல எல்லாரும் பொருட்கள் மேல இருக்கற கிருமிக்கு பயந்தோம், பிளாஸ்டிக் மேல 72 மணி நேரம் வரைக்கும் இருக்குதுன்னு ஒரு ஆய்வக முடிவு வந்துச்சு, நாங்களும் வாங்கிட்டு வந்த பாக்கெட் ஒவ்வொண்ணையும் சோப்பு போட்டு கழுவி காய வச்சோம். அப்புறம் 2020 ஜூலைல 239 விஞ்ஞானிகள் சேந்து இது காத்து வழியா பரவுது, அத கவனிங்கன்னு எழுதினாங்க. 2021 ஏப்ரல்ல சிடிசி, அதாவது அமெரிக்காவோட நோய் தடுப்பு மையம், பொருள தொட்டு ஒட்டிக்கற வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ண விட கம்மின்னு சொல்லுச்சு.

தினம் ஒண்ணு சொல்றது எனக்கு பெருசா உறுத்தல, ஏன்னா மெஷின் முன்னாடி உக்காந்து நானும் அதத்தான் பண்ணிட்டு இருந்தேன், முதல்ல துருன்னு நெனச்சேன், இல்ல எண்ணெய், அப்புறம் பாபின்னு சந்தேகப்பட்டேன், இல்ல டென்ஷன். உறுத்தினது வேற. "இப்போதைக்கு எங்களுக்கு தெரிஞ்சது இவ்ளோதான்"னு சொல்லாம கடைசி தீர்ப்பு மாதிரி சொல்லிட்டு, அப்புறம் சத்தம் போடாம மாத்தினாங்க பாருங்க, அது. காத்து விஷயத்துல அவ்ளோ தாமதமும் ஆயிருக்க வேண்டாம், பாக்கெட்ட கழுவின நேரத்துக்கு ஜன்னல திறந்து வச்சிருக்கலாம்.

சரி மாஸ்க்குக்கு வர்றேன். ஜூன்ல வந்த அந்த வழிகாட்டில மூணு அடுக்கு சொல்லி இருந்தாங்க, முகத்துல படற உள் அடுக்கு ஈரத்த உறிஞ்சற பருத்தி, நடுவுல நெய்யாத பாலிப்ரொப்பிலீன், வெளிய தண்ணி ஒட்டாத பாலியஸ்டர் கலந்த துணி. நடு அடுக்குக்கு நான் எடுத்தது துணிப்பைன்னு குடுப்பாங்களே, கையில தடவினா சொரசொரன்னு புள்ளி புள்ளியா அச்சு இருக்குமே, அந்த பை. அதுவேதான் பாலிப்ரொப்பிலீன். அது மேல இஸ்திரி பெட்டிய வச்சுறாதீங்க, 160 டிகிரி பக்கத்துல உருகிரும், பருத்திக்கு வைக்கற சூடு அத விட அதிகம்.

அளவு 10 இஞ்சுக்கு 6 இஞ்ச் செவ்வகம், சிடிசி குடுத்த அளவு அது. நடுவுல மூணு மடிப்பு வச்சா தாடை வரைக்கும் விரியும். மடிப்பு ஓரத்துல துணி பல அடுக்கா குவியுது, அங்க மிதிய நிறுத்திட்டு கையால சக்கரத்த சுத்தி ஒவ்வொரு குத்தா இறக்கணும், மிதிச்சு ஓட்டினா ஊசி உடையும். எலாஸ்டிக் அப்ப எங்கயும் கிடைக்கல, உலகமே காதுல மாட்டற நாடாவுக்கு அலைஞ்சுது, நான் பழைய டி-ஷர்ட்ட குறுக்கா நீளமா வெட்டி இழுத்து விட்டேன், ஓரம் தானா சுருண்டு கயிறு மாதிரி ஆயிரும், காதுக்கு எலாஸ்டிக்க விட அதுதான் சொகம்.

கண்ணாடி போடறவங்களுக்கு தெரியும், மூச்சு விட்டா கண்ணாடி மூடிக்கும். மூக்குக்கு மேல காத்து கசியுதுன்னு அர்த்தம், கசியற காத்து எந்த துணி வழியாவும் போகல, அப்புறம் எத்தன அடுக்கு இருந்தா என்ன. பிரெட் பாக்கெட் வாய முறுக்கி கட்டற கம்பிய ரெண்டா மடிச்சு மேல் ஓரத்துல ஒரு குழாய் மாதிரி தைச்சு உள்ள சொருகினேன், முனைய உருட்டி விடணும், இல்லன்னா துவைக்கறப்ப துணிய குத்திக்கிட்டு வெளிய வந்துரும். கம்பி வச்சப்புறம்தான் பொண்ணு கண்ணாடி தெளிவா இருந்துச்சு.

இந்த துணி மாஸ்க்கோட கதை பழசு, தைக்கறப்ப தேடி படிச்சேன். 1910 கடைசில சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியால நுரையீரல் பிளேக் வந்தப்ப, பினாங்குல பொறந்த டாக்டர் வு லியன் தே இது மூச்சு வழியா பரவுதுன்னு சொல்லி, பஞ்ச நடுவுல வச்சு, காயத்துக்கு கட்டற காஸ் துணிய சுத்தி மாஸ்க் பண்ணி எல்லாருக்கும் போட சொன்னாரு. மெஸ்னின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் அவர மதிக்காம மாஸ்க் போடாமயே நோயாளிங்கள பாத்தாரு, சில நாள்ல அவரே செத்து போனாரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த அதே சண்டைய நாம குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு இருந்தோம்.

என்95 வேற ஜாதி, அத வீட்ல தைக்க முடியாது. அதுல இருக்கற மெல்ட்புளோன்ங்கற மெல்லிய பிளாஸ்டிக் இழை அடுக்குல மின் ஏற்றம் ஏத்தி வச்சிருப்பாங்க, துகள்கள அது இழுத்து பிடிக்கும். அந்த ஏற்றம் ஏத்தற வழிய கண்டுபிடிச்சவங்கள்ல முக்கியமானவர் பீட்டர் சாய், ரிட்டயர் ஆகி இருந்தவரு 2020ல என்95ஐ எப்டி திரும்ப பயன்படுத்தலாம்னு பாக்க மறுபடி வேலைல இறங்கினாரு. சோப்புலயோ ஆல்கஹால்லயோ கழுவினா அந்த ஏற்றம் போயிரும், பாக்க அப்டியேதான் இருக்கும், வேலை பாக்காது. அதனாலதான் நாலஞ்சு வச்சுக்கிட்டு ஒண்ண போட்டா பேப்பர் பைல போட்டு சில நாள் கழிச்சு திரும்ப எடுன்னு சொன்னாங்க.

வீட்டுக்காரிக்கு பாசிட்டிவ் வந்தப்ப இதெல்லாம் உபயோகத்துக்கு வந்துச்சு. அவ உள் ரூம்ல, வெளி ஜன்னல் திறந்து, நாங்க ஹால்ல, சாப்பாட்ட கதவு கிட்ட வச்சுட்டு தள்ளி போய் போன் அடிக்கறது. உள்ளயும் மாஸ்க், வெளியயும் மாஸ்க். ரத்தத்துல ஆக்சிஜன் அளவு காட்டற ஆக்ஸிமீட்டர்ல 94க்கு கீழ போனா டாக்டர கூப்பிடணும்னு சொல்லி இருந்தாங்க, அந்த சின்ன பெட்டில தெரியற நம்பர அவ போட்டோ எடுத்து அனுப்புவா, நான் ஒரு பேப்பர்ல குறிச்சுக்குவேன். ராத்திரி தூக்கம் வராது, மெஷின்ல உக்காந்து ஏதாவது தைப்பேன், யாருக்குன்னு இல்ல. ஒரு நாள் மெசேஜ் வந்துச்சு, "மூச்சு நல்லாத்தான் இருக்கு, உன் மெஷின் சத்தத்துலதான் தூக்கம் போச்சு"ன்னு. அதுக்கப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மிதிக்கறதில்ல.

கையால வேலை செஞ்சா மனசு அமைதியாகும்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அப்டி ஒண்ணும் ஆகல. நூல் அறுந்தா கெட்ட வார்த்தைதான் வந்துச்சு. ஆனா அந்த கோவத்துக்கு ஒரு அளவு இருந்துச்சு, நூல திரும்ப கோத்தா முடிஞ்சுரும். மத்த கோவத்துக்கெல்லாம் கோக்க எதுவும் இல்ல.

2021 கடைசில ஒமைக்ரான் வந்தப்ப துணி மாஸ்க் பத்தாது, நல்ல ஃபில்டர் உள்ளதா போடுங்கன்னு ஆச்சு, அதுக்குள்ள என்95 தாராளமா கிடைச்சுது, நான் தைச்சத எல்லாம் துவைச்சு ஒரு பைல போட்டு பரண்ல ஏத்திட்டேன். வருத்தம்னு சொல்ல முடியாது, கிடைக்காத நேரத்துக்கு தைச்சது, கிடைச்சப்புறம் எதுக்கு. மெஷின மட்டும் ஏத்தல, ஹால்லயே இருக்கு. 2023 மே 5 உலக அவசர நிலை முடிஞ்சுதுன்னு சொன்னப்ப அதுல பொண்ணோட ஸ்கூல் யூனிஃபார்ம் ஓரம் இறக்கிட்டு இருந்தேன், அவ வளர்ற வேகத்துக்கு வருஷம் ரெண்டு தடவ இறக்கணும்.

இன்னும் சரியாகாதது தையல் நீளத்த மாத்தற லீவர். அத பிடிக்கற ஸ்க்ரூ தேய்ஞ்சு போய், ஓட ஓட தானா கீழ நழுவி தையல் பெருசாயிட்டே போகுது. இப்போதைக்கு அது பின்னாடி ஒரு ரப்பர் துண்ட சொருகி வச்சிருக்கேன். ஸ்க்ரூ தலையில இருக்கற கோடு பாதி மழுங்கிருச்சு, பலமா திருகினா மொத்தமா போயிரும், அதனால மறுபடியும் சொட்டு சொட்டா எண்ணெய் விட்டு ஊற வச்சிருக்கேன், இந்த ஞாயித்துக்கிழமை திருகி பாக்கணும். அதே அளவுல புது ஸ்க்ரூ ஒண்ணு வாங்கி டிராயர்ல ரெடியா போட்டிருக்கேன்.